கறுப்புப் பாகுதான் எனக்கு: கியூபெக்கில் எட்டு நாள்

ஏப்ரல் 7, மாண்ட்ரியல்

ஏப்ரலை எந்தப் பருவத்தில் சேர்ப்பது என்று இந்த ஊருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியை அத்தான், அதாவது அக்காவின் கணவர், சுரண்டிக்கொண்டு நிற்கிறார், மதியம் அதே தெருவில் உருகின தண்ணீர் ஓடை மாதிரிப் போகிறது, என் ஷூ நனைந்து காய்வதற்குள் மறுபடி நனைகிறது. நான் சலித்துக்கொண்டால் அத்தானுக்குச் சிரிப்பு. "இரவில உறைஞ்சு பகலில உருகாட்டி சிரப் எங்க பிள்ளை? நீர் வந்ததே அதுக்குத்தானே."

அதற்குத்தான் வந்தேன். எங்கள் தாத்தாவுக்கு உடன்குடிப் பக்கம் கொஞ்சம் பனை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பதநீர் காய்ச்சும் கொட்டகையான விடிலியில் போய் உட்கார்ந்து அது கொதிப்பதை வேடிக்கை பார்த்தே வளர்ந்தவள் நான். கனடாவின் இந்தக் கியூபெக் மாகாணத்தில் மேப்பிள் மரத்தில் துளை போட்டு வடியும் நீரைக் காய்ச்சிப் பாகாக்குகிறார்கள் என்று அக்கா போனில் சொன்ன நாளிலிருந்தே பார்க்க வேண்டும் என்று ஒரு அரிப்பு. அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். கருப்பட்டியா பனங்கட்டியா என்ற சண்டை எங்களுக்குள் பதினெட்டு வருடமாக நடக்கிறது, அது இருக்கட்டும்.

இன்றைக்கு முதல் வேலையாக ஏமாந்தேன். பழைய மாண்ட்ரியலில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கிற ஒரு கடை, பேர் வேண்டாம். மேப்பிள் இலை வடிவத்தில் கண்ணாடிப் புட்டி, உள்ளே தேன் நிறத்தில் பாகு, பன்னிரண்டு டாலர். பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். அக்கா புட்டியைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னால் இருந்த பொடி எழுத்தை வாசித்தாள்: குளுக்கோஸ் சிரப், சர்க்கரை, காரமல் நிறம், செயற்கை மணம்.

"சிரோ த போத்தோ" என்றார் அத்தான். போத்தோ என்றால் கம்பம். மேப்பிள் மரத்தில் இல்லை, தந்திக் கம்பத்தில் துளை போட்டு எடுத்த சிரப் என்று போலிக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பேர். இவ்வளவு எரிச்சலிலும் சிரித்துவிட்டேன். மேப்பிள் மர நீரைக் காய்ச்சி எடுத்ததைத் தவிர வேறெதையும் மேப்பிள் சிரப் என்று விற்கக் கனடாவில் சட்டம் விடாது. அந்தக் கடைக்காரரும் புட்டியில் எங்கேயும் அப்படி எழுதவில்லை. இலையைப் பார்த்து நானாக வாசித்துக்கொண்டது அது.

ஏப்ரல் 8, பிளெஸிவில் போகும் வழி

மாண்ட்ரியலிலிருந்து 20ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணி நேரம். வழி முழுக்கத் தட்டையான வயல், பாதி பனி பாதி சேறு. பிளெஸிவில் தன்னை மேப்பிளின் உலகத் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் சின்ன ஊர். பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிட்டோம், அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. போகும் வழியில் கேட்ட திருட்டுக் கதையைத்தான் எழுத வேண்டும்.

உலகத்தில் காய்ச்சும் மேப்பிள் சிரப்பில் பத்தில் ஏழு பங்கு இந்த ஒரு மாகாணத்திலிருந்து வருகிறது. அதைத் தோப்புக்காரர்கள் தனித்தனியாக மொத்த வியாபாரிக்கு விற்றுவிட முடியாது, எல்லாம் உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாகத்தான், 2004 முதல் ஆளுக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடும் உண்டு. நல்ல வருடத்தில் மிஞ்சுவதைச் சங்கம் பீப்பாயில் அடைத்துக் கிடங்கில் வைத்துக்கொள்கிறது, மோசமான வருடத்தில் எடுத்து விற்கிறது. நம் ஊரில் உணவுக் கழகம் நெல் மூட்டையை அடுக்கி வைப்பது மாதிரி, ஆனால் உள்ளே இருப்பது பாகு. 2021இல் விளைச்சல் படுத்துவிட்டபோது ஏறக்குறைய 5 கோடி பவுண்டு கிடங்கிலிருந்து வெளியே போனதாம். ஒரு பீப்பாயில் 620 பவுண்டு பிடிக்கும். பவுண்டுக்கு மூன்று டாலர் என்று வைத்தாலும் பீப்பாய் 1,800 டாலருக்கு மேல். கச்சா எண்ணெய் கிட்டவே வர முடியாது.

அந்த விலை இருக்கிற இடத்தில் திருடன் வராமல் இருப்பானா? நெடுஞ்சாலையை ஒட்டி ஸான் லூயி த பிளாண்ட்ஃபோர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கிலிருந்து 2011, 2012இல் ஒரு கும்பல் பீப்பாய் பீப்பாயாகக் கடத்தியிருக்கிறது. லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், சிரப்பை உறிஞ்சிவிட்டு, தண்ணீர் நிரப்பித் திரும்ப அடுக்கிவிடுவார்கள். போகப்போகத் தண்ணீர் நிரப்பக்கூடச் சோம்பல், காலியாகவே வைத்துவிட்டார்கள். 2012 ஜூலையில் கணக்கெடுக்க வந்தவர் அடுக்கின் மேல் ஏறி ஒரு பீப்பாயில் காலை வைக்க, அது ஆடியது. முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பீப்பாய் எப்படி ஆடும்? எண்ணிப் பார்த்தால் 9,571 பீப்பாய் போச்சு, 1.8 கோடி டாலருக்கு மேல் மதிப்பு. தலைவனுக்கு 2017இல் ஏறக்குறைய எட்டு வருடச் சிறை. அபராதத் தொகை மேல்முறையீட்டில் குறைந்து, 2022இல் கனடா உச்ச நீதிமன்றம் வரை போய் மறுபடி 90 லட்சம் டாலருக்கு மேல் ஏறியது.

அத்தான் இதைச் சொல்லும்போது குரலில் லேசாக ஒரு பெருமை. தண்ணீர் நிரப்புகிற வரைக்கும் மூளை இருந்தவனுக்குக் கடைசியில் ஏன் இல்லாமல் போனது என்பதுதான் அவருடைய ஒரே வருத்தம்.

ஏப்ரல் 9, தோப்பில்

தங்கியிருப்பது ஒரு தோப்புக்காரர் வீட்டு மாடியறையில். அறுபது தாண்டிய மனிதர். பேசுவது கியூபெக் பிரெஞ்சு, ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விடமாட்டார். அத்தான் பாதியைத் தமிழாக்கினார், மீதியைக் கையைக் காட்டியே புரிந்துகொண்டேன்.

முழங்கால் வரை பனி. மரங்களுக்கு நடுவே மார்பு உயரத்தில் நீல பிளாஸ்டிக் குழாய் வலை மாதிரி ஓடுகிறது, சரிவில் இறங்கி வெற்றிடப் பம்பு உறிஞ்ச நேரே கொட்டகைக்குப் போகிறது. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, எல்லா மரத்துக்கும் டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள், ஏற்றவில்லை, இறக்குகிறார்கள். வீட்டை ஒட்டின நூறு மரத்துக்கு மட்டும் பழைய பழக்கத்தில் வாளி.

எங்களுக்காகவே ஒரு மரத்தை விட்டுவைத்திருந்தார். சுகர் மேப்பிள், கட்டிப்பிடித்தால் கை எட்டாது. இருபது சென்டிமீட்டர் குறுக்களவுக்குக் குறைந்த மரத்தைத் தொடமாட்டார்கள், அந்தப் பருமன் வருவதற்கே நாற்பது வருடம் ஆகிவிடும். போன வருடத் துளையின் தழும்பைத் தடவிக் காட்டி, அதிலிருந்து ஒரு சாண் தள்ளித் துளைக் கருவியை வைத்தார். எட்டு மில்லிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம். வந்த மரத்தூளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்: வெளுப்பாக இருந்தால் உயிருள்ள கட்டை, பழுப்பாக இருந்தால் அந்த இடத்தில் நீர் வராது. குழலைச் சொருகிச் சுத்தியலால் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டுக்கு முன்பே நுனியில் ஒரு சொட்டு திரண்டுவிட்டது.

விரலில் பிடித்து நக்கினேன். தண்ணீர். சும்மா தண்ணீர், எங்கேயோ தூரத்தில் இனிப்பு என்று யாரோ சொன்ன மாதிரி. இதில் சர்க்கரை இரண்டு சதவீதம்தான், பதநீரில் பத்து பன்னிரண்டு இருக்கும். "எங்கட கருப்பநீருக்குக் கிட்ட வருமோ?" என்று அத்தான் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் ஒரே கட்சி.

ராத்திரி உறையும்போது மரக்கட்டைக்குள் இருக்கும் காற்று சுருங்கி வேரிலிருந்து நீரை மேலே இழுத்துக்கொள்கிறது, பகலில் உருகும்போது அழுத்தம் கூடி, எங்கே துளை கிடைக்கிறதோ அங்கே வெளியே தள்ளுகிறது. அதனால்தான் உறைவும் உருகலும் மாறி மாறி வரும் இந்தச் சில வாரம் மட்டும் வடியும். அபெனாக்கி, அனிஷினாபே போன்ற இந்த மண்ணின் பழங்குடிகள் வெள்ளைக்காரர்கள் கப்பலில் வருவதற்கு முன்பே இதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள். எங்கள் ஊரிலும் இதே பங்குனியில்தான் பனையேறிகள் பாளை சீவுகிறார்கள், அங்கே வெயில், இங்கே பனி. பனையேறி ஒரு நாளில் இத்தனை மரம் ஏறி இறங்க வேண்டும், இந்த மனிதர் தரையில் நின்று துளை போட்டுவிட்டுப் போகிறார். கொஞ்சம் பொறாமையாக இருந்தது, தாத்தாவின் பனையேறியுடைய நெஞ்சில் இருந்த காய்ப்பு ஞாபகம் வந்ததால்.

ஏப்ரல் 9, ராத்திரி பதினொன்று

தூக்கம் வரவில்லை, தலைமுடி முழுக்கப் பாகு வாசனை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

கணக்கு இப்படி: 86ஐ நீரின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால் ஒரு லிட்டர் சிரப்புக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்று வந்துவிடும். இரண்டு சதவீதம் என்றால் 43 லிட்டர். அத்தனையையும் விறகில் வற்ற வைத்தால் விடிந்துவிடும் என்பதால் முதலில் ஆர்.ஓ. இயந்திரத்தில் விடுகிறார்கள். ஆமாம், நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அதே ஆர்.ஓ.தான், பெரியது. நாம் வடிந்து வரும் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுகிறோம், இவர்கள் மிச்சத்தை வைத்துக்கொண்டு நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறார்கள். இதனால் ருசி குறைகிறது என்று முணுமுணுக்கிற பழைய ஆட்கள் உண்டாம். நம்மாள் தோளைக் குலுக்கினார், விறகு வெட்டுவது அவரா நானா என்கிற மாதிரி.

அடுப்பு ஒரு லாரி நீளம். மேலே துருப்பிடிக்காத எஃகுத் தட்டு, உள்ளே வாய்க்கால் வாய்க்காலாகத் தடுத்தது. ஒரு முனையில் நீர் நுழைகிறது, வளைந்து வளைந்து போகப் போக நிறம் ஏறுகிறது, மறு முனையில் பாகு. கூரை திறந்து ஆவி மேலே போகிறது, ஆனாலும் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. நுரை திடீரென்று பொங்கித் தட்டின் விளிம்பைத் தாண்டப் போனது, நான் பின்னால் குதித்தேன். அவர் ஒரு குச்சியை எதிலோ தோய்த்து ஒரே ஒரு சொட்டு விட்டார். மொத்த நுரையும் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டது.

அக்கா உடனே கேட்டாள், அது என்ன சொட்டு? தாவர எண்ணெயாம். ஆனால் அவருடைய அப்பா காலத்தில் தட்டுக்கு மேலே ஒரு துண்டு உப்புப் பன்றிக் கொழுப்பைக் கயிற்றில் தொங்க விட்டிருப்பார்கள், நுரை ஏறி அதைத் தொட்டதும் அடங்கிவிடும். அத்தான் இதைத் தமிழில் சொல்லாமல் விட்டிருக்கலாம். பதினெட்டு வருடமாக வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் மேப்பிள் சிரப் ஊற்றிச் சாப்பிடுகிறவள் அக்கா, முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

பதம் பார்ப்பதில்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட நான்கு டிகிரி கூடினால் சிரப். அந்தத் தண்ணீரின் கொதிநிலையே காற்றழுத்தத்தைப் பொறுத்துத் தினம் கொஞ்சம் மாறும் என்று, சின்னச் சட்டியில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து முதலில் பார்த்துக்கொள்கிறார். வெப்பமானி, அடர்த்திமானி எல்லாம் உண்டு. எல்லாம் இருந்தும் கடைசியில் அகலக் கரண்டியை முக்கித் தூக்கி விளக்குக்கு நேரே சாய்த்தார். முதலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி தூக்கினால், சொட்டுகள் விளிம்பில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சின்னத் திரை மாதிரித் தொங்கிப் பிறகு அறுந்தது. மதகைத் திறந்துவிட்டார். எங்கள் பாட்டி விரலில் எடுத்துக் கம்பி இழுப்பாள், இவர் கரண்டியில் திரை பார்க்கிறார்.

வடிகட்டும் இயந்திரத்தில் சாம்பல் நிறத்தில் கசடு தங்குகிறது, நாக்கில் வைத்தால் மணல் மாதிரி நறநறக்கும். மரத்து நீரிலிருக்கும் தாது உப்பு அது, சர்க்கரை மணல் என்கிறார்கள்.

ஏப்ரல் 10

இன்று முழுக்க நிறம் பற்றிய பாடம். சன்னல் விளிம்பில் சின்னச் சின்னப் புட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் காய்ச்சின தேதி. மார்ச் நடுவில் எடுத்தது நல்லெண்ணெய் நிறம், இந்த வாரத்தது கடுங்காப்பி. எல்லாம் ஒரே தோப்பு, ஒரே அடுப்பு, ஒரே மனிதர். வெயில் ஏற ஏற நீரில் நுண்ணுயிர் பெருகிச் சர்க்கரையை உடைக்கிறது, உடைந்த சர்க்கரை அடுப்பில் சீக்கிரம் சிவக்கிறது, அவ்வளவுதான். நிறம் என்பது இங்கே நாட்காட்டி.

கடையில் இதற்கு நான்கு பேர்: பொன்னிறம் (மென்சுவை), அம்பர் (நிறைசுவை), கருநிறம் (திடமான சுவை), மிகக் கருநிறம் (வன்சுவை). நான்கும் ‘கிரேடு ஏ’தான். பாகின் வழியாக எவ்வளவு ஒளி போகிறது என்று அளந்து பிரிக்கிறார்கள், 75 சதவீதமும் அதற்கு மேலும் போனால் பொன்னிறம், 25க்குக் கீழே என்றால் மிகக் கருநிறம். சர்க்கரை எல்லாவற்றிலும் 66 சதவீதத்துக்குக் குறையாது. நிறைய பேர் கறுப்பாக இருந்தால் இனிப்பு அதிகம் அல்லது மட்டம் என்று இரண்டில் ஒன்றை நினைக்கிறார்கள், இரண்டும் இல்லை.

மட்டம் என்கிற நினைப்புக்குப் பழைய பேர்கள்தான் காரணம். பத்து வருடத்துக்கு முன்புவரை கனடாவில் நம்பர் 1, நம்பர் 2, நம்பர் 3 என்று போட்டார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் வெர்மான்டில் கறுத்ததற்கு ‘கிரேடு பி’. மூன்றாம் நம்பர் என்று எழுதி ஒட்டினால் யார் அதை முதலில் எடுப்பார்கள்? சிவப்பாக இருக்கிற பெண்ணுக்கு முதல் மதிப்பெண் போடுகிற நம் ஊர்ப் புத்திதான், வேறென்ன. 2014 வாக்கில் இரண்டு நாடும் சேர்ந்து பேரை மாற்றின. மாற்றியும் இன்னும் பரிசுப் பெட்டியில் பொன்னிறம்தான் போகிறது என்றார் தோப்புக்காரர்.

நான்கையும் கரண்டி கரண்டியாகக் குடித்தேன், நடுநடுவே ஊறுகாய் கடித்துக்கொண்டு (அவர்களுடைய வெள்ளரிக்காய் ஊறுகாய், காரமே இல்லாதது). பொன்னிறம் அழகாக இருக்கிறது, வனிலா மாதிரி ஒரு வாசம், தொண்டையைத் தாண்டியதும் மறந்துவிடுகிறது. அம்பர் எல்லோருக்கும் பிடிக்கும், அதனாலேயே எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை. கருநிறத்தில்தான் நாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது: புகை, கொஞ்சம் கசப்பு, வறுத்த எதுவோ, பின்னால் மண். மிகக் கருநிறத்தை வாயில் வைத்ததும் அத்தானைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். "குட்டான்" என்றார். பனையோலைக் குட்டானில் வரும் பனங்கட்டியைச் சொல்கிறார். சிரட்டையில் ஊற்றின கருப்பட்டி என்று நான் சொல்ல, கட்சி மறுபடி இரண்டானது.

கடைசியில் ஒரு புட்டியை மூடி திறந்து முகரச் சொன்னார். மரம் துளிர்விடத் தொடங்கிய பிறகு வடிந்த நீரில் போன வருடம் காய்ச்சியது. வெந்த முட்டைக்கோஸ் வாசம்! துளிர் கண்டதும் குழாயைக் கழற்றிவிட வேண்டும், ஒரு நாள் பேராசைப்பட்டால் இதுதான். ஆக நிறத்தை வைத்துக் கெட்டதைக் கண்டுபிடிக்க முடியாது, மூக்கு வேண்டும்.

ஏப்ரல் 11, சர்க்கரைக் குடிசை

பங்குனி உத்திரம். இந்த நாளில் போய், பாகு காய்ச்சும் இடத்திலேயே விருந்து போடுகிற சர்க்கரைக் குடிசையில் சாப்பாட்டுக்கு இடம் பிடித்தது அத்தானின் சாமர்த்தியம். நீள மேஜை, பிடில் இசை, ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை: பன்றித் துண்டு போட்ட பட்டாணி சூப், பன்றிக் கொழுப்பில் வெந்த பீன்ஸ், பன்றித் தொடை, பன்றித் தோலை மொறுமொறுவென்று பொரித்தது, அதற்குப் பேரே ஏதோ காது. எல்லாவற்றின் மேலும் சிரப். விரதமிருந்த அக்கா தண்ணீரைக் குடித்துக்கொண்டு கணவரை முறைத்தாள்.

வெளியே வந்ததும்தான் அவளுக்கு விமோசனம். மரத் தொட்டியில் சுத்தமான பனியை அழுத்தி நிரப்பி, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கப் பாகைக் கோடாக ஊற்றுகிறார்கள், பத்து எண்ணுவதற்குள் இறுகுகிறது, ஐஸ் குச்சியால் சுருட்டி வாயில் போட வேண்டியதுதான். 114 டிகிரி வரை காய்ச்சுவது, தண்ணீரில் விட்டால் உருண்டு வருகிற உருட்டுப் பதம், அதிரசத்துக்குப் பாகு எடுத்த யாருக்கும் சொல்லவே வேண்டாம். பல்லில் ஒட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் சுடவும் செய்கிறது, ஜில்லென்றும் இருக்கிறது. அக்கா ஆறு சாப்பிட்டாள். கொழுப்புத் தொங்குகிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

ஏப்ரல் 13, மாண்ட்ரியல்

ஊருக்குப் போய் சிரப் தீர்ந்தபின் என்ன செய்வது என்று அக்காவின் சமையலறையில் ஒரு சோதனை. தேன் தேனாகத்தான் இருக்கிறது, பூ வாசத்தை மறைக்க முடியாது. அகாவே (கற்றாழை மாதிரி ஒரு செடியின் பாகு) வெறும் இனிப்பு. பேரீச்சம் பாகு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழம். நாட்டுச்சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி வனிலா விட்டது பரவாயில்லை, அவசரத்துக்கு ஆகும். கேக்குக்கு ஒரு கப் சர்க்கரைக்குப் பதில் முக்கால் கப் சிரப் விட்டு, மற்ற நீரில் மூன்று மேஜைக் கரண்டி குறைக்க வேண்டும் என்கிறாள் அக்கா, பாகு வகை எதற்கும் அதே கணக்காம்.

அப்புறம் அவள் ஒரு கதை சொன்னாள். பெரியவன் பிறந்தபோது அம்மா இங்கே வந்து பால் ஊற வெந்தயக் களியாகக் கிண்டிக் கொடுத்திருக்கிறாள். பார்க்க வந்த செவிலி மூக்கை உறிஞ்சி, "காலையில் பான்கேக்கா?" என்று கேட்டாளாம். வேர்வையில் மேப்பிள் வாசம்! வெந்தயத்தில் இருக்கும் சோட்டோலோன் என்கிற பொருளின் வேலை அது, போலிச் சிரப்புக்கு மணமேற்ற வெந்தயச் சாறு சேர்ப்பதும் அதனால்தான். 2005இலிருந்து நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது ஊர் முழுக்க மேப்பிள் வாசம் அடித்து, விஷவாயுவோ என்று ஜனங்கள் பயந்து போன் செய்து, 2009இல் கண்டுபிடித்தார்கள்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் ஒரு வாசனைப் பொருள் ஆலை வெந்தயம் பதப்படுத்திக்கொண்டிருந்தது.

கேட்டதும் சும்மா இருக்க முடியுமா? நான் கொண்டுவந்திருந்த கருப்பட்டியில் பாதியைத் தட்டி, கரைத்து, வடிகட்டி, நாலே நாலு வெந்தயத்தை வறுத்துப் போட்டு நீர்க்கக் காய்ச்சினேன். ஆறியதும் அத்தானின் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் பான்கேக்கில் ஊற்றிக் கொடுத்தோம். சின்னவள் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவன் தட்டைத் தள்ளிவிட்டு, "இது சாம்பார் மணக்குது" என்றான். வெந்தயம் இரண்டு போதும்.

ஏப்ரல் 14, பெட்டி கட்டும் நேரம்

இங்கே நல்ல சிரப் கண்ணாடியில் வருவதைவிடத் தகர டப்பாவில் வருவதே அதிகம், 540 மில்லி, மேலே பனியும் குடிசையும் வரைந்தது. திறக்காவிட்டால் வருடக்கணக்கில் கெடாது, திறந்தால் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம். தோப்புக்காரரிடம் ஐந்து வாங்கினேன். எடை பார்த்தால் பெட்டி இருபத்துமூன்றரைக் கிலோ, விமானத்தில் விடமாட்டார்கள். அக்காவின் புதுவருடப் பாயசத்துக்காக ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன், கருநிறம்தான், சேமியா வெந்தபின் அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

மிச்சம் நாலில் மூன்று மிகக் கருநிறம், எனக்கு. ஒன்று பொன்னிறம், மாமியாருக்கு. அவர் எதையும் நிறம் பார்த்துத்தான் எடுப்பார், என்னைப் பெண் பார்க்க வந்தபோதே தெரிந்த விஷயம்.